எழுத்துத் தெரியும், வாசிக்கத் தெரியாது

மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் என்ற ஊர்ப்பெயரில் ஐந்து எழுத்துகள் இருக்கின்றன: நா, னா, ட், டா, ன். தரம் ஒன்றில் படிக்கும் பிள்ளையிடம் இவற்றைத் தனித்தனியாக அட்டையில் காட்டினால் அது சரியாகவே சொல்லக்கூடும். ஊர்ப் பெயர்ப்பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னால் அதே பிள்ளை திகைத்து நிற்கலாம், அல்லது முதலெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தெரிந்த ஊரின் பெயரை ஊகித்துச் சொல்லலாம். இரண்டுமே வாசிப்பு அல்ல. எழுத்தை இனங்காண்பது ஒரு வேலை. அதை ஒலியாக்கி, அடுத்த ஒலியோடு சேர்த்து, சேர்ந்து வந்ததைச் சொல்லாகக் கேட்டு, அதன் பொருளைப் பிடிப்பது வேறு வேலை. முதலாவதைக் கற்பித்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் ஆரம்ப வகுப்புகள் பெரும்பாலும் நடக்கின்றன. பல பிள்ளைகளுக்கு அது வந்தும் விடுகிறது. வராத பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுவதாலும், பாடத்தை மனனமாகச் சொல்வதாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் போகிறார்கள். எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதைத் தனியாகவும் வெளிப்படையாகவும் கற்பிக்க வேண்டும், அதைத் தரம் 2 முடிவதற்குள் செய்துவிட வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை ஆசிரியர் தன் காதால் கேட்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் வாசிக்கத் தெரியாமல் மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் தொகை பெரிதும் குறையும்.

இது சிறிய பிரச்சினை அல்ல. 2021ஆம் ஆண்டின் தரம் 3 மாணவரை வைத்து இலங்கை முழுவதற்குமாக நடத்தப்பட்ட மதிப்பீட்டில், எழுத்தறிவில் எதிர்பார்க்கப்பட்ட அடிப்படைத் தேர்ச்சியை அடைந்தவர்கள் 34 சதவீதம் பேர்தான். எண்ணறிவில் நிலை இன்னும் மோசம், 7 சதவீதம். இதைக் கேட்டவுடன் பலர் சொல்வது, அது கொரோனாக் காலத்து விளைவு, இப்போது சரியாகியிருக்கும் என்பது. பாதி உண்மை. அந்தப் பிள்ளைகள் 2019இல் தரம் ஒன்றுக்குப் போனவர்கள், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்படுவதற்கு முன் ஒரேயொரு ஆண்டைத்தான் வகுப்பறையில் ஓரளவு முழுமையாகக் கண்டவர்கள். ஆனால் அந்த ஓராண்டுப் படிப்பு மூடல் காலத்தைத் தாங்கவில்லை என்பதையும் இதே எண்கள் காட்டுகின்றன. சேர்த்து வாசிக்கக் கற்றுவிட்ட பிள்ளை, வீட்டிலே கிடக்கும் பழைய பத்திரிகையையும் சவர்க்காரப் பெட்டியையும் வாசித்தாவது தன் திறனைக் காப்பாற்றிக்கொள்ளும். எழுத்துகளை மட்டும் மனனம் செய்த பிள்ளை சில மாதங்களில் அவற்றையும் மறந்துவிடும். பெருந்தொற்று எல்லாப் பிள்ளைகளையும் தாக்கியது. ஆனால் அத்திவாரம் போடப்படாத பிள்ளைகளையே அது நிலைகுலைத்தது.

தமிழ் வாசிக்க எளிது, எழுதியிருப்பதை அப்படியே ஒலித்தால் போதும், ஆங்கிலத்தைப் போல் குழப்பம் இல்லை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. வளர்ந்தவருக்கு அது சரி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்பது வேறொரு தோற்றம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆகமொத்தம் 247 வடிவங்கள். கன்னட எழுத்தைக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகள் அனைத்தையும் வசப்படுத்த அந்தப் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகள் போதவில்லை, ஆரம்பப் பள்ளியின் மேல் வகுப்புகள் வரை அந்தக் கற்றல் நீள்கிறது என்று கண்டது. தமிழில் கன்னடத்தைப் போல் அடுக்கெழுத்துகள் இல்லை, ஆகவே சுமை சற்றுக் குறைவு. ஆனால் உயிர்க்குறி மெய்யோடு ஒட்டிக்கொள்ளும் அமைப்பு ஒன்றுதான். 247ஐயும் வரிசையாக முடித்த பின்பே வாசிப்புத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், பிள்ளை இரண்டு ஆண்டுகள் பொருளே இல்லாத பட்டியலை ஒப்புவித்துக்கொண்டிருக்கும். ஙகர உயிர்மெய் வரிசையும் ஔகாரக் குறி பெற்ற பல எழுத்துகளும் சிறுவர் கதைகளில் அநேகமாக வராதவை. அவற்றுக்குச் செலவிடும் வாரங்கள் வீண்.

மாற்று வழி கணக்காகவே தெரிகிறது. ப, ட, ம, க, த, ர, ல, வ, ன, ய என்ற பத்து எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். அவற்றோடு புள்ளியையும் அரவையும் (ா) விசிறியையும் (ி) மட்டும் கற்பித்தால் 40 வடிவங்கள் கைக்கு வரும். இந்த நாற்பதை வைத்தே கடல், வயல், மரம், வானம், படம், பட்டம், பாய், மான், தம்பி, மாமா, மாமி, கதிரவன் எல்லாவற்றையும் வாசிக்கலாம். வாய்க்கால் என்ற சொல்லும் இந்த நாற்பதுக்குள் அடங்குகிறது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர்ப் பிள்ளைக்கு அது நாளும் காதில் விழும் சொல். முதல் தவணையிலேயே பிள்ளை தனக்குத் தெரிந்த உலகத்தின் பெயர்களைத் தானாக வாசித்துவிட முடியும். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு குறியைப் பத்து எழுத்துகளோடு சேர்த்துப் பார்த்த பிள்ளை, பதினோராவது எழுத்து வரும்போது எவரும் சொல்லாமலே அதையும் சேர்த்து ஒலிக்கும். கா, பா, மா தெரிந்த பிள்ளைக்கு சகரத்தை மட்டும் காட்டிவிட்டுச் சா என்பதை வாசிக்கச் சொல்லிப் பார்த்தால், அது அமைப்பைப் பிடித்திருக்கிறதா, பட்டியலை மனனம் செய்திருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

அமைப்பு வழுவும் இடங்களில் நின்று நிதானமாகக் கற்பிக்க வேண்டும். கொம்பு அதில் ஒன்று. கெ என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஒலியில் அது பின்னால் வருகிறது. கொ என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளை இங்கே இடறுவது அறியாமையால் அல்ல, கற்றதை நேர்மையாகப் பின்பற்றுவதால். உகரம் இன்னொன்று. கு, டு, மு, ரு ஒரு மாதிரி. சு, பு, வு ஒரு மாதிரி. து, நு, லு, று வேறொரு மாதிரி. இவற்றைக் க முதல் ன வரை வரிசையில் கற்பிப்பதை விட, ஒத்த வடிவங்களைக் குடும்பமாகச் சேர்த்துக் கற்பிப்பது பிள்ளைக்கு எவ்வளவோ இலகு. எழுத்து ஒழுங்காக இருந்தால் கற்பது சுலபம் என்பதை உணர்ந்துதான், பெரியார் முன்வைத்த சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பின்னர் இலங்கைப் பாடநூல்களிலும் அவ்வடிவங்களே நிலைத்தன. அதற்கு முன் னா என்ற எழுத்துக்கும் லை என்ற எழுத்துக்கும் தனித் தனி வடிவங்கள் இருந்தன. நானாட்டான் என்று எழுதவும் வங்காலை என்று எழுதவும் இந்தப் பகுதிப் பிள்ளைகள் அப்போது விதிவிலக்குகளை மனனம் செய்ய வேண்டியிருந்தது. உகரக் குறிகளை அந்தச் சீர்திருத்தம் தொடவில்லை. முருங்கன் என்ற ஊர்ப்பெயர் இன்றும் நானாட்டானை விடப் பிள்ளைக்குக் கடினமானதுதான்.

ஆனாலும் எழுத்துகளை எந்த ஒழுங்கில் கற்பித்தாலும், சேர்த்தல் நடக்காவிட்டால் வாசிப்பு வராது. கடல் என்ற சொல்லைக் காட்டினால் பல பிள்ளைகள் "க, ட, இல்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்கள் சொன்ன மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் கடல் என்ற சொல் பிறக்காது. லகர மெய்யின் பெயரை இல் என்று பழக்கியிருப்பதால், இல்லாத ஓர் இகரம் நடுவில் வந்து நிற்கிறது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக உச்சரிக்காமல் முன்னால் உள்ள எழுத்தோடு சாய்த்து, ட, டல், கடல் என்று ஆசிரியர் வாயால் செய்து காட்ட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும், பழக்கமாக்கப் பல வாரங்கள் வேண்டும். அதே போல ஒரே ககரம் கடலில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் அகலத்தில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறது. பகரம் படத்தில் ஒன்று, தம்பியில் இன்னொன்று. எழுத்தைப் பார்த்து ஏறத்தாழ ஒலித்த பிள்ளை, அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருந்தால்தான் சரியான ஒலிக்குத் திருத்திக்கொள்ளும். எழுத்தறிவும் சொல்வளமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இதை மறந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதால்தான் வாசிப்புக் கற்பித்தலில் இத்தனை சண்டைகள்.

நாங்களெல்லாம் அரிச்சுவடியை மனனம் செய்துதானே படித்தோம், எங்களுக்கு வாசிப்பு வரவில்லையா என்பது பெரியவர்களிடமிருந்து வரும் முதல் ஆட்சேபம். அந்த மரபுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் ஒலிக்கும் திண்ணைப் பள்ளிக்கூட முறை, கையையும் வாயையும் கண்ணையும் ஒருசேர வேலை வாங்கியது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பில் 1789இல் அமர்ந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்துத் தம் மாணவருக்கும் அதைப் புகுத்தினார். மூத்த மாணவரே இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அதோடு சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது அங்கே மதராஸ் முறை என்ற பெயரோடு பரவியது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கிய பின் எழுதிய பாலபாடங்களும், படிப்படியாகக் கடினமாகும் வாசிப்பு நூல்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்ற தெளிவிலிருந்து பிறந்தவை. ஆக, மரபு என்று நாம் சொல்வது வெறும் மனனம் அல்ல. மூத்த மாணவன் பக்கத்தில் இருந்து இளையவன் வாசிப்பதைக் கேட்டான், படிநிலையாக நூல்கள் இருந்தன. அவை உதிர்ந்து ஒப்புவித்தல் மட்டும் மிஞ்சியதுதான் இன்றைய கோளாறு. மேலும், நாங்கள் படித்தோம் என்று சொல்கிறவர்கள் படித்து வந்தவர்கள் மட்டுமே. அதே வகுப்பில் வாசிப்பு வராமல் இடையில் விட்டு வயலுக்கும் கடலுக்கும் போனவர்கள் இந்த விவாதத்தில் பேசுவதில்லை. கட்டாயக் கல்வி நடைமுறையில் உள்ள இந்தக் காலத்தில், அவர்களையும் கணக்கில் எடுத்துத்தான் ஒரு முறையின் வெற்றியை அளக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. எழுத்து, ஒலி, சேர்த்தல் என்று பயிற்சி கொடுத்தால் பிள்ளைக்குப் புத்தகத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும், கதையும் பாட்டும் படமும் கொடுங்கள், வாசிப்புத் தானே மலரும் என்கிறார்கள். கதை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பே இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு அது ஆங்கிலப் பிள்ளையை விடவும் அவசியம். மன்னாரில் வீட்டிலே "போறன்" என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் "போகிறேன்" என்று காண்கிறது, "காத்து" என்று சொல்லும் பிள்ளை "காற்று" என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டிச் சரியாக வாசித்த பின்பும் அது தன் சொல்தான் என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகலாம். பேச்சுக்கும் எழுத்துக்கும் இதேபோல் இடைவெளி உள்ள அரபு மொழியில், 1993இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் எழுத்து நடையிலான கதைகளை நாள்தோறும் வாசித்துக் காட்டியபோது அவர்களின் கேட்டறியும் திறன் மேம்பட்டதைக் காட்டியது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே உரத்து வாசித்துக் காட்டுவது ஆரம்ப வகுப்பில் ஆடம்பரம் அல்ல. ஆனால் கதை கேட்ட பிள்ளைக்கு எழுத்து தானாக அவிழாது. படத்தைப் பார்த்துக் கதையைச் சொல்லும் பிள்ளையைப் பார்த்து வாசிக்கிறது என்று மகிழ்ந்துபோவது, எழுத்துகளை ஒப்புவிக்கும் பிள்ளையைப் பார்த்து மகிழ்ந்துபோவதைப் போன்ற அதே தவறு. வெறுப்பு பயிற்சியால் வருவதில்லை. பக்கத்துப் பிள்ளை வாசிக்கும்போது தனக்கு அது புரியாமல் இருப்பதால் வருகிறது.

வீட்டில் வாசித்துக் காட்டுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லி இதைத் தள்ளிவிடவும் முடியாது. மன்னார் மாவட்டத்தில் இன்று சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோராக இருப்பவர்களில் பலர், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பள்ளிப் படிப்பைத் துண்டுதுண்டாகப் பெற்ற தலைமுறை. அதிகாலையில் கடலுக்குப் போகும் வங்காலைத் தகப்பனுக்கும், பெரும்போக அறுவடையில் நிற்கும் தாய்க்கும் பிள்ளை மீது அக்கறை குறைவில்லை. அவர்களிடம் இல்லாதது நேரம், சிலரிடம் வாசிப்பில் தன்னம்பிக்கை. பிள்ளையிடம் நிறையப் பேசுவதும், அது வாசித்துக் காட்டும்போது பக்கத்தில் இருந்து கேட்பதும் வாசிக்கத் தெரியாத பெற்றோராலும் முடியும். அதற்கு மேல் உள்ளது பாடசாலையின் கடமை.

பாடசாலைக்கு நேரம் எங்கே, ஆசிரியர் எங்கே என்பதுதான் மிகக் கனமான ஆட்சேபம். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் இடங்களும், பட்டணத்துக்கு இடமாற்றம் கேட்டுக் காத்திருக்கும் ஆசிரியர்களும் தூரக் கிராமங்களின் நடைமுறை. ஆனால் அதே கிராமங்களில் ஒரு வசதியும் இருக்கிறது. வட மாகாணத்தின் கிராமப் பாடசாலைகள் பலவற்றில் மொத்த மாணவர் தொகையே நூறுக்குக் குறைவு. தரம் ஒன்றில் பதினைந்து பிள்ளைகள் இருந்தால், ஆளுக்கு இரண்டு நிமிடம் வீதம் அரை மணி நேரத்தில் அத்தனை பேரின் வாசிப்பையும் கேட்டுவிடலாம். நாற்பது பேர் நெருங்கி அமர்ந்திருக்கும் நகரத்து வகுப்பில் இது நடக்காது. சின்னப் பாடசாலை என்று நாம் குறையாகப் பேசுவது இந்த ஒரு விடயத்தில் பெரும் வாய்ப்பு. தேவையான சாதனமும் அதிகமில்லை: முன்பு பார்த்திராத பத்துச் சொற்கள் கொண்ட ஓர் அட்டை, பெயருக்கு எதிரே அடையாளமிட ஒரு கொப்பி. சொற்கள் பாடநூலில் உள்ளவையாக இருக்கக் கூடாது, ஏனென்றால் அவற்றைப் பிள்ளை மனனமாக வைத்திருக்கும். சேர்க்கத் தெரியாத பிள்ளை யார், கொம்பில் இடறும் பிள்ளை யார், கண் தெளிவாகத் தெரியாததால் தடுமாறும் பிள்ளை யார் என்பதெல்லாம் இந்த இரண்டு நிமிடத்தில் வெளிப்படும். மூக்குக் கண்ணாடி தேவைப்படும் பிள்ளையை மெல்லக் கற்பவர் என்று ஒதுக்குவதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

கண்டறிந்த பின் என்ன செய்வது என்பதற்குத் தமிழ்நாட்டு அனுபவம் நெருக்கமான உதாரணம். அங்கே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையைப் பின்பற்றி, பிள்ளைகள் தத்தம் வேகத்தில் அட்டைகளைக் கடந்து செல்ல வழி செய்தது. வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதை அது ஏற்கச் செய்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பித்தது. இவற்றை விட வலுவான சான்று இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கிராமப்புறத்தில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது என்றும் கணித்தது. பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர்களால் அல்ல, பக்கத்து வீட்டு அக்காமாரால் வந்த பலன் அது.

நானாட்டான் பகுதியில் அத்தகைய அக்காமாரும் அண்ணாமாரும் இல்லாமல் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் இளையோர் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். கோயில் மண்டபமும் சனசமூக நிலையமும் மாலையில் வெறுமையாக இருக்கின்றன. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம், வாரத்தில் நாலு நாள், அரை மணி நேரம் வாசிக்கக் கேட்டு, இடறும் இடத்தில் சேர்த்துக் காட்ட அவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி போதும். அந்தப் பயிற்சியை ஆரம்பக் கல்விக்கான ஆசிரிய ஆலோசகர்கள் கொடுக்கலாம். அதோடு அதிபர்கள் எடுக்க வேண்டிய ஒரு முடிவும் உண்டு. பல பாடசாலைகளில் மிகத் திறமையான ஆசிரியர் ஐந்தாம் தரத்துக்கே ஒதுக்கப்படுகிறார், புலமைப்பரிசில் பெறுபேறு பாடசாலையின் பெயரைத் தூக்கி நிறுத்தும் என்பதால். அந்த ஆசிரியரைத் தரம் ஒன்றுக்கு அனுப்பினால் பலன் தெரிய நாலு ஆண்டுகள் ஆகும், அதுவரை பெற்றோர் கேள்வி கேட்பார்கள், வலயத்திலிருந்தும் கேட்பார்கள். அந்த நாலு ஆண்டுகளுக்கு அதிபரின் பக்கத்தில் வலயக் கல்வி அலுவலகம் நிற்க வேண்டும். புலமைப்பரிசிலில் எத்தனை பேர் சித்தி என்று கேட்கும் அதே கூட்டத்தில், தரம் 2 முடியும்போது எத்தனை பேர் பார்த்திராத ஒரு பந்தியைத் தாமாக வாசித்தார்கள் என்ற கேள்வியையும் வலயப் பணிப்பாளர் ஆண்டுதோறும் கேட்கத் தொடங்கலாம்.